பாட்டு நின்றால் பெட்டரியைக் குறை சொல்லாதீர்கள்

நம் லயத்துப் பிள்ளைகள் பலர் இப்போது வான் ஓட்டுகிறார்கள். பாட்டுக்கு அம்ப்ளிபயரும் பூட்டுகிறார்கள். சத்தத்தைக் கூட்டியதும் பாட்டு நின்றுவிடும். உடனே "பெட்டரி போச்சு" என்று, தவணைக்கு வைத்திருந்த காசில் புதுப் பெட்டரி வாங்குகிறார்கள். பிறகும் அதே கதைதான்.

முதலில் ஒரு மல்டிமீட்டரை இரவல் வாங்குங்கள். எஞ்சினும் பாட்டும் ஓடட்டும். பெட்டரி முனைகளில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் பெரும்பாலும் பெட்டரியிலும் சார்ஜிலும் குறையில்லை. அடுத்து அதே சத்தத்தில் அம்ப்ளிபயரின் பிளஸ், மைனஸ் முனைகளில் பாருங்கள். அங்கே 11, 12 என்று இறங்கினால் கோளாறு இடைவழியில்தான்.

பெரும்பாலும் வண்டியின் பொடியில் முறுக்கிய மைனஸ் வயரில்தான் கோளாறு இருக்கும். பெயின்ற்றுக்கு மேலேயே போல்ட்டை இறுக்கிவிடுகிறார்கள். நம் மலை ஈரத்தில் துருவும் ஏறும். பளபளவென்று இரும்பு தெரியச் சுரண்டி இறுக்குங்கள். வயர் மெல்லியதா என்றும் பாருங்கள். 200 வாட் அம்ப்ளிபயர் முழுச் சத்தத்தில் 25 அம்பியர் அளவு இழுக்கக்கூடும்; வீட்டு பல்ப் வயர் அதைத் தாங்குமா?

பியூஸ் போனால் சிகரட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிப் போடுகிறார்களே, அதைத்தான் எங்களால் பொறுக்க முடியவில்லை. பியூஸ் இருப்பது வயரைக் காக்க. ஈயத்தாள் போட்டால் வயரே காய்ந்து சீற்றுக்கடியில் தீப்பிடிக்கும். காலையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவதும் அதே வான்தானே. சரியான அளவுப் பியூஸை, பெட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் பூட்டுங்கள். வயரில் கைவைக்குமுன் பெட்டரியின் மைனஸைக் கழற்றிவிடுங்கள்.