வண்டியின் வில்லும் உயரமும்

பெரும்பாலான பிக்கப் வண்டிகளின் பின்னச்சைத் தாங்குவன, வில்வண்டியிற் காணும் அடுக்கு விற்களின் இனமேயாம். அவை முழுச்சுமைக்கென அமைந்தமையால், வெறும் வண்டி குலுங்குதல் இயல்பு. அக்குலுக்கம் தணியவும், பின்புறம் தாழ்ந்து தோன்றவும் விரும்பிச் சிலர் ஒரு பட்டையைக் கழற்றிவிடுவர். இதன் விளைவு யாது?

வில் பாரத்தின் அளவிற்கேற்பவே வளையும் என்பது, ராபர்ட் ஹூக் 1678இல் விளக்கி வெளியிட்ட விதி. சமமான நான்கு பட்டைகளுள் ஒன்றை நீக்கின் விறைப்பு முக்காற்பங்காகும். எஞ்சிய ஒவ்வொரு பட்டையும் முன்னினும் மூன்றிலொரு பங்கு மிகுதியாகச் சுமக்கும். சுமையேற்றிய வண்டி பள்ளத்தில் இறங்குங்கால் அச்சு மேலெழுந்து சட்டத்தில் மோதும்; பட்டை முறிதலும் கூடும்.

ஆகவே, உயரம் வேறு, மென்மை வேறு என்று உணர்தல் வேண்டும். வில் அச்சின்மேல் அமர்ந்த வண்டியில், இரண்டிற்கும் இடையே இரும்புக் கட்டை வைத்து, நீண்ட யூ-போல்ட்டுகளால் இறுக்கினால் பின்புறம் உயரும். வில் அச்சின்கீழ் அமைந்த வண்டியில் அதுவே தாழ்த்தும். இரண்டிலும் வில்லின் விறைப்பு மாறாது. மென்மை வேண்டுவோர், மெல்லிய பட்டைகள் பலவற்றை அடுக்கி, சுமையேறிய பின்னரே தொடும் துணைப்பட்டையொன்றை அடியில் அமைத்தல் தகும். பட்டையின் தடிப்பு பாதியாயின் அதன் விறைப்பு எட்டிலொன்றாகும் என்பதையும் கணக்கிற் கொள்க.

தோற்றத்தின் பொருட்டு வில்லைத் திருத்துவோர், அது சுமக்க வேண்டிய பாரத்தை முதற்கண் எண்ணுவாராக.