குழந்தை நோயுற்றால் காலமறிதல்

குழந்தைகளுக்கு நோய் வருவது இயல்பு. சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஆகியவை வாராத வீடு எவ்வூரிலும் இல்லை. அவற்றுள் பெரும்பாலானவை நல்ல உணவாலும் ஓய்வாலும் தாயின் கவனிப்பாலும் சில நாட்களில் நீங்கிவிடும். ஆனால் சில வேளைகளில் அதே காய்ச்சலும் அதே பேதியும் உயிரைப் பறிக்கும் அளவுக்கு முற்றிவிடுகின்றன. எதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், எதை அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும், எதற்கு அந்த நிமிடமே புறப்பட வேண்டும் என்று பிரித்தறிவது பெற்றோர் அனைவர்க்கும் வேண்டிய அறிவாகும். இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. கண்ணும் காதும் ஒரு கடிகாரமும் போதும்.

தாமதம் எங்கே நேர்கிறது?

2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 13 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. இந்தியா முழுமைக்கும் இவ்வெண் 28. நம் மாநிலம் முன்னேறியிருப்பது உண்மையே. ஆயினும் அந்தப் பதின்மூன்றையும் குறைப்பது நம் கடமையன்றோ?

திருவள்ளூர் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. எழும்பூரில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையும் எட்டாத தொலைவன்று. 108 என்னும் எண்ணில் அழைத்தால் வரும் இலவச ஆம்புலன்ஸ் 2008ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் ஓடுகிறது. ஆகவே, காலம் வீணாவது சாலையில் மட்டுமன்று, வீட்டுக்குள்ளேயும் வீணாகிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்திலும் சுற்றியுள்ள உருக்காலைகளிலும் பணிபுரிவோர் பலர் இரவு ஷிப்டில் இருப்பர். பழவேற்காட்டு மீனவர் கடலுக்குச் சென்றிருப்பர். வீட்டில் தாய் தனியே இருக்கிறாள். குழந்தைக்கு மூச்சு வாங்குகிறது. "அவர் வரட்டும், கேட்டுக்கொண்டு போகலாம்" என்று அவள் காத்திருக்கிறாள். செங்கற்சூளைகளில் தங்கி வேலை செய்யும் ஒடிசா மாநிலத்துக் குடும்பங்களுக்கோ மொழியும் தெரியாது, வழியும் தெரியாது. இவ்வாறு கழியும் இரண்டு மூன்று மணி நேரமே பல சமயங்களில் உயிருக்கும் சாவுக்கும் இடையில் நிற்கிறது.

உடனே புறப்பட வேண்டிய அறிகுறிகள்

ஐந்து வயது நிறையாத குழந்தையிடம் பின்வருவனவற்றுள் ஒன்று காணப்பட்டாலும், நோய் எதுவாயினும், உடனே புறப்படுதல் வேண்டும்.

1. தாய்ப்பாலோ நீரோ குடிக்க இயலாமை.
2. உட்கொண்டது அனைத்தையும் வாந்தியெடுத்தல்.
3. வலிப்பு.
4. எழுப்பினாலும் சரியாக விழிக்காமை, அல்லது துவண்டு சுற்றிலும் நடப்பதைக் கவனியாமல் கிடத்தல்.

நான்காவது அறிகுறியைப் பலர் தவறாக எண்ணுகின்றனர். "அழுதழுது ஓய்ந்து தூங்குகிறது" என்று மகிழ்வோரும் உண்டு. உறங்கும் குழந்தை எழுப்பினால் சிணுங்கும், தாயை நோக்கும், மார்பைத் தேடும். நோயால் துவண்ட குழந்தை இவற்றைச் செய்யாது.

மூச்சை எண்ணுதல்

சளியும் இருமலும் உள்ள குழந்தைக்கு நிமோனியா உண்டா என்பதை அறிய ஓர் எளிய வழி இருக்கிறது. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை நீக்கி, வயிறும் மார்பும் ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும். 2 மாதம் நிறையாத சிசுவுக்கு 60, 2 மாதம் முதல் ஓராண்டு வரை 50, ஒன்று முதல் ஐந்தாண்டு வரை 40 என்ற எண்ணிக்கையோ அதற்கு மேலோ இருந்தால் அது விரைந்த மூச்சாகும். இத்தகைய குழந்தையை அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சை இழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், அமைதியாக இருக்கையிலும் மூச்சை இழுக்கும்போது கரகரவென ஒலி எழுந்தாலும், விடியும்வரை காத்திருத்தல் ஆகாது.

வயிற்றுப்போக்கு

பேதியில் உயிரைக் கொல்வது உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுவதே. 1971இல் வங்காள எல்லையிலுள்ள பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியாகக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு 30 என்ற அளவிலிருந்த இறப்பு 4-க்கும் கீழே இறங்கியது. அந்நீரே இன்று ஓ.ஆர்.எஸ். பொட்டலமாக நம் சுகாதார நிலையங்களில் கிடைக்கிறது. பெரிய பொட்டலம் ஒன்றை முழுமையாக 1 லிட்டர் தூய நீரில் கரைக்க வேண்டும். நீரின் அளவைக் குறைத்தல் தீது. வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மீண்டும் சிறுகச் சிறுகக் கரண்டியால் புகட்டலாம். தாய்ப்பாலை நிறுத்தலாகாது.

கண்கள் குழிவிழுந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் அது மெல்ல மெல்லவே படிந்து, குழந்தை துவண்டு குடிக்க மறுத்தால், நிலைமை முற்றிவிட்டது என்று அறிக. கைக்குழந்தைக்கு உச்சிக்குழி உள்வாங்கியிருப்பதும் நீர் வற்றியதன் அடையாளமாக இருக்கலாம். அதற்கு வேண்டுவது மருத்துவம். மந்திரிப்பதில் காலம் கழித்தல் கூடாது. மலத்தில் இரத்தம் கண்டால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுக.

காய்ச்சலும் வலிப்பும்

டெங்குக் காய்ச்சலில் ஒரு விபரீதம் உண்டு. காய்ச்சல் தணிந்தவுடன் நோய் நீங்கியதென்று வீட்டார் நிம்மதியடைகின்றனர். ஆனால் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாட்களே ஆபத்தானவை. அப்போது கடும் வயிற்றுவலி, தொடர்ந்த வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, கை கால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் ஆகியவை தோன்றினால் தாமதமின்றி மருத்துவமனை சேர்க்க வேண்டும். டாக்டர் சொல்லாமல் கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தல் தீங்கு பயக்கும்.

வலிப்பு வந்த குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, எத்தனை நிமிடம் நீடிக்கிறதென்று பார்க்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கலாகாது. கையில் சாவிக்கொத்தைக் கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. அது தானே நிற்கும்வரை காத்திராமல், உடனே 108-ஐ அழைத்தல் வேண்டும்.

பச்சிளங்குழந்தை

2 மாதம் நிறையாத சிசுவைப் பொறுத்தவரை நோய் மணிக்கணக்கில் முற்றும். பால் குடிப்பது குறைந்தாலும், உடம்பு சுட்டாலும் சில்லிட்டாலும், மூச்சு விரைந்தாலும், உள்ளங்கையும் பாதமும் மஞ்சளித்தாலும் உடனே புறப்படுக. உரமெடுத்தல், குடல் தட்டுதல், சூடு போடுதல் ஆகியவற்றால் நோய் மிகுமேயன்றிக் குறையாது. வழியில் குழந்தையைத் தாயின் மார்போடு மார்பாக அணைத்து, போர்த்தி, வெப்பம் குறையாமல் கொண்டு செல்ல வேண்டும்.

"பெரிய ஆஸ்பத்திரிக்கே போவோம்" என்று அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கடந்து செல்லுதல் எப்போதும் நன்றன்று. அங்கே முதலுதவி பெற்று, அவர்கள் அனுப்பும் இடத்துக்குச் செல்வதே பாதுகாப்பு. தடுப்பூசி அட்டையையும், கொடுத்த மருந்துகளையும் உடன் எடுத்துச் செல்க. உணர்வற்ற குழந்தைக்கு வாய்வழி ஒன்றும் புகட்டலாகாது.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

இவ்வறிவு தாய்மாரிடம் மட்டும் இருந்தால் போதாது. ஊரே அறிந்திருக்க வேண்டும். பஞ்சாயத்து உறுப்பினர்கள் நான்கு காரியங்களைச் செய்யலாம்.

முதலாவது, 108, மருத்துவ ஆலோசனைக்குரிய 104, கிராம சுகாதார செவிலியரின் எண் ஆகியவற்றைப் பால்வாடிச் சுவரிலும் ரேஷன் கடையிலும் பெரிய எழுத்தில் எழுதிவைத்தல். சூளைகளிலும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் ஒடியா, இந்தி, தெலுங்கு மொழிகளிலும் எழுதுதல் நன்று.

இரண்டாவது, தெருவுக்குத் தெரு பெயர்ப் பலகை வைத்தல். இரவில் வரும் ஆம்புலன்ஸ் வழி கேட்டு அலைவது இதனால் குறையும்.

மூன்றாவது, கணவர் ஷிப்டிலோ கடலிலோ இருக்கும்போது தாய் யாரையும் கேளாமலே புறப்படலாம் என்பதை வீட்டார் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுமாறு அறிவுறுத்தல். துணைக்குச் செல்ல ஒருவர், கைச்செலவுக்கு மகளிர் குழுவிடம் ஒரு சிறு தொகை ஆகிய ஏற்பாடுகளும் வேண்டும்.

நான்காவது, கிராம சபையில் இந்த அறிகுறிகளை உரக்கப் படித்து, செவிலியரைக் கொண்டு மூச்செண்ணும் முறையைச் செய்து காட்டச் சொல்லுதல். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடும் சபையில் கால் மணி நேரம் இதற்கு ஒதுக்குதல் அரிதன்று.

இறுதியாக ஒன்று. ஐயம் தோன்றினால் புறப்படுவதே முறை. நள்ளிரவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாயிடம், "ஒன்றுமில்லை, அழைத்துப் போ" என்று டாக்டர் சொல்லக்கூடும். அவளை ஊரார் எள்ளி நகையாடலாகாது. நகைப்புக்கு அஞ்சி அடுத்த முறை அவள் தயங்கினால், அத்தயக்கத்துக்கு ஊரே பொறுப்பாகும். வீணாய்ப் போன பயணத்தால் நமக்கு ஓரிரவு உறக்கமே நஷ்டம். போகாத பயணத்தின் நஷ்டத்தையோ எவராலும் ஈடுசெய்ய இயலாது.