பிளஸ் ஒன்னில் உளவியல்

கேள்வி: சி.பி.எஸ்.இ. பள்ளியில் பத்தாவது முடித்த மகள் பிளஸ் ஒன்னில் உளவியல் எடுக்க ஆசைப்படுகிறாள். காலேஜ் பாடம் மாதிரி இருக்கும் என்கிறார்கள். உள்ளே என்னதான் இருக்கும்? (வாசகர், சூலூர்)

பதில்: சி.பி.எஸ்.இ.யில் உளவியல் ஒரு விருப்பப் பாடம், எண் 037. மாநிலப் பாடத்திட்டத்தின் வழக்கமான குரூப்களில் அது இல்லை. அதனால் கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் சி.பி.எஸ்.இ., ஐ.எஸ்.சி. பள்ளிகள் சிலவற்றில்தான் கிடைக்கிறது.

அடுத்தவர் மனத்தில் ஓடுவதைக் கண்டுபிடிக்கும் வித்தை என்று நினைத்து வருபவர்களுக்கு இரண்டாம் பாடமே ஏமாற்றம் தரும். அது ஆய்வு முறைகள் பற்றியது: சோதனை, நேர்காணல், ஒட்டுறவு (இரண்டு விஷயங்கள் சேர்ந்தே மாறுவதைப் பார்ப்பது). டியூஷன் போகும் பிள்ளைகள் கூடுதல் மதிப்பெண் வாங்கினால், காரணம் டியூஷனா, வீட்டு வசதியா என்று கேட்கப் பழக்குவதுதான் இதன் வேலை. பிறகு மனித வளர்ச்சி, புலனுணர்வு, கற்றல், நினைவு, சிந்தனை, மனவெழுச்சி.

கலைச்சொற்கள் ஏராளம். வெறுமனே உருப்போட்டால் நிற்காது. மில் சங்கு ஊதியதுமே பழைய கோவைத் தொழிலாளிக்குப் பசி எடுத்ததே, அதுதான் விஞ்ஞானி பாவ்லவ் நாய்களிடம் காட்டிய ஆக்கநிலையிறுத்தம். சோற்றோடு பலமுறை சேர்ந்து வந்த ஒலி, பிறகு சோறு இல்லாமலே எச்சில் ஊற வைக்கிறது. தேர்விலும் இப்படி ஒரு சம்பவத்தைக் கொடுத்து, இதில் செயல்படும் கருத்து எது என்று கேட்பார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பில் நுண்ணறிவு, ஆளுமை, மன அழுத்தம், உளக்கோளாறுகள், சிகிச்சை முறைகள், குழு நடத்தை. உளக்கோளாறுப் பாடத்தைப் படிக்கும்போது எல்லா அறிகுறியும் தனக்கே இருப்பதாகத் தோன்றும். மருத்துவ மாணவர்களுக்கும் நேர்வதுதான், பயப்பட வேண்டாம். எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30. செய்முறையில் உளவியல் சோதனைகளை நடத்திப் பதிவேடு எழுத வேண்டும்.

பள்ளியிலேயே கல்லூரிப் பாடம் என்பது அமெரிக்காவின் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் முறை. உளவியல் அதில் 1992 முதல் இருக்கிறது. 1 முதல் 5 வரையிலான மதிப்பெண்ணில் நன்றாகத் தேறினால் பல கல்லூரிகள் கிரெடிட் தருகின்றன. இங்கே அந்தச் சலுகை கிடையாது. பி.எஸ்சி.யில் சேர்ந்தால் அதே அடிப்படையை மீண்டும் படிக்க வேண்டும். பள்ளியில் உளவியல் படிக்காதவர்களும் அந்த வகுப்பில் இருப்பார்கள்.

மகளின் ஆசை மனநல மருத்துவர் ஆவது என்றால் நீட் எழுதி எம்.பி.பி.எஸ். முடித்தாக வேண்டும். உயிரியலை விட்டு உளவியலை எடுத்தால் அந்த வழி சிக்கலாகிவிடும். உயிரியலோடு ஐந்தாவது பாடமாக உளவியலை எடுக்க முடியுமா என்று பள்ளியில் சேர்க்கைக்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.