மாதம் அரை மணி நேரம்

அன்புள்ள கண்ணு,

பெங்களூர்க் கம்பெனி கொடுத்த ‘வெல்னஸ் பேக்கேஜ்’ விலைப்பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “இதை எடுக்கலாமா அத்தை?” என்று கேட்டிருந்தாய். எடுக்காதே. தலைக்கு இவ்வளவு என்று வருடச் சந்தா கட்டி, நடைப் போட்டி வைத்து, கைபேசிச் செயலியில் அடி எண்ணி, ஊக்கப் பேச்சாளரைக் கூட்டிவந்து கைதட்டுவதில் உன் தையல் லைனில் உட்கார்ந்திருக்கும் இருபத்திரண்டு பெண்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

இதைச் சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழக ஊழியர்கள் ஏறத்தாழ 5,000 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் இப்படி ஒரு திட்டத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-ல் வந்த முடிவின்படி மருத்துவச் செலவும் குறையவில்லை, உடல்நலமும் குறிப்பிடும்படி மாறவில்லை. திட்டத்தில் ஆர்வமாகச் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர்கள். அதே ஆண்டு, கடைச் சங்கிலி ஒன்றின் ஏறத்தாழ 33,000 தொழிலாளர்களை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வில், “நான் உடற்பயிற்சி செய்கிறேன்” என்று சொன்னவர்களின் எண்ணிக்கை மட்டும் கூடியது. பிரஷர், சுகர், விடுப்பு நாள் எதிலும் வித்தியாசம் தெரியவில்லை. யாருக்கு வேண்டுமோ அவரிடம் அது போய்ச் சேரவில்லை என்பதுதான் எனக்குப் புரிந்தது.

கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள் நான். உன் மாதிரி இடங்களில் உட்கார்ந்து தைக்கும் பெண்களின் உடம்பு எனக்குத் தெரியும். காலையில் ஒன்பது மணிக்கு மெஷினில் உட்காருவாள். பீஸ் ரேட். எழுந்தால் எண்ணிக்கை குறையும். கழிப்பறை ஒன்றே ஒன்று, அதுவும் அயர்ன் மாஸ்டர் நிற்கும் பக்கம், தாழ்ப்பாள் சரியில்லை. அதனால் தண்ணீரே குடிக்கமாட்டாள். மதியம் சோற்றோடு அரை டம்ளர், அவ்வளவுதான். சாயங்காலம் நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி, காய்ச்சல். மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாள் வந்துவிடுவாள். இந்த நோயைப் போக்க யோகா ஆசிரியர் தேவையில்லை. பெண்களுக்கென்று தனியாக ஒரு கழிப்பறை, உள்பக்கம் நல்ல தாழ்ப்பாள், குப்பைக்கூடை, எழுந்து போனால் யாரும் கடிகாரத்தைப் பார்க்காத நிலைமை, இவ்வளவு போதும். வெளியிலிருந்து கைகொடுக்கும் கூட்டாளிகளைத் தேடிப் போவதற்கு முன் உன் கூரைக்குக் கீழே இருப்பதைச் சரிசெய்.

அடுத்தது தண்ணீர். நம்முடையது தர்மபுரி மாவட்டம் என்பதை மறந்துவிடாதே. ஃப்ளோரைடால் பல்லில் கறை படிந்து, முழங்கால் மடங்காமல் போன ஒரு தலைமுறை இங்கே உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப்பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தணிப்பு என்பது சேர்ந்திருக்கிறது. ஜப்பான் கடனுதவியுடன் கட்டி, 2013-ல் திறந்தார்கள். உன் ஷெட்டில் ஓடுவது காவிரித் தண்ணீரா, போர் தண்ணீரா? போர் என்றால் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்க் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கொடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருந்தால் அது குடிக்கிற தண்ணீர் இல்லை. கொதிக்கவைத்தால் ஃப்ளோரைடு போகாது, இன்னும் அடர்த்திதான் ஆகும். உன் பெண்கள் சொல்லும் இடுப்பு வலி, மூட்டு வலியெல்லாம் ஸ்டூல் உயரத்தால் வருவது என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். அதில் ஒரு பங்கு குடத்திலிருந்தும் வரலாம்.

ஸ்டூலையும் விட்டுவிடாதே. முதுகு சாய இடமுள்ள நாற்காலி வேண்டும். நின்றுகொண்டே செக்கிங் பார்ப்பவர்களுக்கும் உட்கார இடம் வேண்டும். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று நம் சட்டமன்றம் 2021-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டது. தையற்கூடத்துக்கு அந்த நியாயம் பொருந்தாதா?

இப்போது கூட்டாளிகள் விஷயத்துக்கு வருகிறேன். காசு கொடுத்து வாங்க நினைத்தாயே, அதில் பாதிக்கு மேல் அரசு ஏற்கெனவே வைத்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. மகளிர் குழுவைச் சேர்ந்த தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்ப்பார், மாத்திரையும் கொடுப்பார். நல்ல திட்டம். ஆனால் அவர் கதவைத் தட்டும் நேரத்தில் உன் பெண்கள் வீட்டில் இருப்பதில்லை, உன் மெஷினில் இருக்கிறார்கள். மாமியாருக்கு மாத்திரை கிடைக்கிறது, மருமகளுக்குப் பிரஷர் இருப்பதே தெரிவதில்லை. 2020-ல் தமிழ்நாடு முழுவதும் எடுத்த ஆய்வில், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே. இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் 2024-ல் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ என்று வேலைத்தலங்களுக்கே வரத் தொடங்கினார்கள். பெரிய ஆலைகளை அவர்களே தேடிப் போவார்கள். இருபது பேர் இருக்கும் கூடத்துக்கு நீதான் போய்க் கூப்பிடவேண்டும்.

கூப்பிட்டால் வருவார்களா என்று கேட்பாய். சித்தேரி மலைக்கு அந்தப் பக்கம், சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் நடந்ததைச் சொல்கிறேன். 1990-களின் தொடக்கத்தில் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற இரண்டு மருத்துவர்கள் அங்கே வந்து ஒரு குடிசையில் வைத்தியம் பார்க்க உட்கார்ந்தார்கள். காந்திகிராமத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு வந்த கணவன் மனைவி. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்த இடம் அது. வெளியூரிலிருந்து நர்ஸ் கூட்டிவரப் பணம் கிடையாது. அந்த மலைக் கிராமங்களின் பெண்களையே எடுத்துப் பழக்கினார்கள். இளம் பெண்கள் பிரசவம் பார்க்கவும் அறுவைச் சிகிச்சையில் கைகொடுக்கவும் கற்றார்கள். வயதில் மூத்த பெண்கள் தங்கள் ஊரில் யார் கர்ப்பம், எந்தக் குழந்தைக்கு எடை ஏறவில்லை என்று பார்த்துச் சொல்லும் சுகாதாரப் பணியாளர்கள் ஆனார்கள். அந்த 147 பின்னாளில் 20-ஐ ஒட்டி இறங்கியது.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது அடுத்து அவர்கள் செய்தது. வைத்தியம் மட்டும் பார்த்தால் நோய் திரும்பித் திரும்பி வருகிறது, வயலும் வருமானமும் சரியில்லாமல் உடம்பு சரியாகாது என்று கண்டுகொண்டார்கள். இயற்கை விவசாயிகள் சங்கம் உருவானது. லம்பாடிப் பெண்கள் மறந்துபோயிருந்த தங்கள் பூத்தையலை மறுபடி கற்று, ‘பொர்காய்’ என்ற பெயரில் கூட்டாகத் தைத்து விற்கிறார்கள். அவர்களும் ஊசி பிடிப்பவர்கள்தான், கண்ணு. ஒருநாள் உன் பெண்கள் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்ப் பார்த்துவிட்டு வா. அங்கே நடந்ததை அப்படியே நீ செய்ய முடியாது, அது ஒரு வாழ்நாள் வேலை. அதில் உனக்கு ஆகக்கூடியது ஒன்று உண்டு. சூப்பர்வைசரை விட்டுவிட்டு, பெண்கள் யாரிடம் மனம்விட்டுப் பேசுகிறார்களோ அப்படிப்பட்ட இரண்டு பேரைத் தேர்ந்தெடு. பிரஷர் மெஷினில் பட்டை கட்ட, முதலுதவிப் பெட்டியைப் பார்த்துக்கொள்ள, யாருக்கு ரத்தசோகை மாதிரி தெரிகிறது என்று உங்கள் பகுதி சுகாதார நர்ஸம்மாவிடம் சொல்ல அவர்களைப் பழக்கு. அந்த வேலைக்கும் அவர்களுக்குச் சம்பளம் உண்டு என்பதை எல்லாருக்கும் தெரியும்படி சொல்லிவிடு.

ரத்தசோகை என்றதும் நினைவு வருகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு அது இருந்தது. உன் லைனில் பத்துப் பன்னிரண்டு பேர் என்று வைத்துக்கொள். மத்தியானத்துக்கு மேல் தையல் கோணலாகப் போகிறது, கை ஓய்கிறது என்றால் சோம்பல் என்று திட்டாதே. இரும்புச்சத்து மாத்திரை துணை சுகாதார நிலையத்தில் இலவசம். அதைக் கெடுப்பது சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ. உணவிலிருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள டீ விடாது. டீ நேரத்தைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வை. காசே செலவாகாத மருந்து இது. வாரத்தில் ஒருநாள் எல்லாரும் சேர்ந்து கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் சாப்பிட ஏற்பாடு செய்தாலும் நல்லது. நம் மாவட்டத்து ரேஷனில் அரிசிக்குப் பதில் கேழ்வரகு வாங்கும் வசதி 2023-ல் வந்தது. சமைக்க மகளிர் குழுக்காரர்களைக் கேள், நியாயமான விலைக்குச் செய்து தருவார்கள்.

இதற்கெல்லாம் உனக்கு என்ன செலவு? கணக்குப் போட்டுப் பார். மாதம் ஒருமுறை பரிசோதனைக்காக அரை மணி நேரம் மெஷினை நிறுத்துகிறாய். இருபத்திரண்டு பேருக்குச் சேர்த்து 11 மணி நேர வேலை. ஒன்றரை ஆள் கூலிகூட முழுதாக வரவில்லை. அந்த அரை மணி நேரத்துக்குப் பீஸ் ரேட்காரர்களுக்கும் சராசரிக் கூலியைப் போட்டுக் கொடுத்துவிடு. இதில்தான் பல முதலாளிகள் கோட்டைவிடுகிறார்கள். முகாமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் வைப்பார்கள், அல்லது ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்வார்கள். தன் நேரத்தை இழந்து வரும் பெண், ரத்தம் எடுப்பதற்குள் வீட்டு வேலையை நினைத்து ஓடிவிடுவாள். அரசும் மகளிர் குழுவும் ஆளையும் மருந்தையும் கொடுக்கும். சம்பளத்தோடு கூடிய நேரத்தை உன்னைத் தவிர யாராலும் கொடுக்க முடியாது.

இன்னொன்றும் உன் கையில்தான் இருக்கிறது, ரகசியம். சுகர் எவ்வளவு, மாதவிலக்கு எப்போது, கர்ப்பமா என்பதெல்லாம் உன் நோட்டில் ஏறக்கூடாது. அட்டை அவரவர் பையில் இருக்கட்டும். பரிசோதனை முடிந்த மறுமாதம் ஒருத்திக்கு வேலை போனால், அவளுக்கு நோய் இருந்ததால்தான் போனது என்று ஊர் நம்பும். பிறகு யாரும் கை நீட்டமாட்டார்கள்.

ஈ.எஸ்.ஐ. கட்டுகிறாயா? அதைக் கட்டாயமாக்கும் பத்துப் பேர் வரம்பைத் தாண்டிவிட்டாய். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு உன் பங்கு 3.25 சதவீதம், அவர்கள் பங்கு 0.75. நோய்வாய்ப்பட்டால் வருடத்துக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். இதைக் கட்டாமல் நலத்திட்டம் என்று பேசுவது அந்தப் பெண்களை ஏமாற்றுவது. பத்துப் பேர் இருந்தால் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழுவும் அமைத்தாக வேண்டும். அதில் வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் கட்டாயம். பயந்துகொண்டு வேலை செய்கிறவளுக்கு எந்த மாத்திரையும் வேலை செய்யாது. மனம் சரியில்லாதவர்கள் தமிழிலேயே பேச 14416 இருக்கிறது, கட்டணமில்லை. அந்த எண்ணைக் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டிவை. அங்கேதான் தனியாகப் படிக்க முடியும்.

நெஞ்சுவலி வந்தால் என்ன செய்வது என்பதையும் எல்லாருக்கும் சொல்லிவை. 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அட்டோர்வாஸ்டேட்டின் 8 என்று 14 மாத்திரைகளைத் தயாராக வைத்திருக்கிறார்கள். மாரடைப்பு என்று அவர்கள் சந்தேகித்தால் உடனே கொடுத்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். நீங்களாகக் கொடுக்கக்கூடாது. சோடா குடித்துப் பார்க்கலாம், வாயுவாக இருக்கும் என்று நேரத்தை வீணாக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

வரும் திங்கட்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போ. மருத்துவ அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதிக்கொள். யூனிட் இருக்கும் தெரு, ஆண் எத்தனை, பெண் எத்தனை, முப்பது வயதுக்கு மேல் எத்தனை பேர், எந்த நாள், எந்த நேரம், அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டு என்ற ஒரு வரி. ஷிப்மென்ட் வாரத்தைத் தவிர்த்துத் தேதி கேள். பரிசோதனைக்குத் திரை போட்ட ஒரு மூலை, ஒரு மேசை, கை கழுவத் தண்ணீர் தயாராக இருக்கட்டும். நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு, திரும்பும் வழியில் உங்கள் பகுதி நர்ஸம்மாவையும் பார்த்துச் சொல்லிவிடு. அவர் நினைத்தால்தான் அந்தத் தேதியில் முகாம் நடக்கும்.

அன்புடன்,
அத்தை
அரூர்