நீரிழிவு நோயும் மருந்தாளரின் ஆலோசனையும்

உணவிலிருந்து கிடைக்கும் குளுக்கோசைக் கலங்கள் பயன்படுத்துவதற்குச் சதையியில் சுரக்கும் இன்சுலின் என்னும் ஓமோன் அவசியம். இன்சுலின் போதியளவு சுரக்காதபோது, அல்லது அதற்கு உடல் உரிய துலங்கலைக் காட்டாதபோது, குருதியில் குளுக்கோசு உயரும். இதுவே நீரிழிவு. சலரோகம் என்றும் கூறுவர்.

1. மருந்து கிடைத்தால் மட்டும் போதுமா?

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா அரச வைத்தியசாலைகளில் நீரிழிவுக்கான சிகிச்சை இலவசமானது. எனினும் துணுக்காய், ஒட்டுசுட்டான் போன்ற இடங்களின் உட்கிராமங்களிலிருந்து கிளினிக்குக்கு வருபவர் அடுத்த தவணை வரை வீட்டில் தாமே மருந்தைப் பயன்படுத்த வேண்டும். எம்மருந்து என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். அதனை எவ்வாறு பயன்படுத்துவது என்பதை மருந்தாளர் விளக்குவார்.

2. மருந்தாளர் விளக்கும் விடயங்கள்

(அ) நேரம்: மெற்போமின் குளிசையை உணவுடன் அல்லது உணவின் பின் எடுத்தால் வயிற்றுக் கோளாறு குறையும். ஒரு வேளை தவறினால் மறுவேளை இருமடங்காக எடுத்தல் கூடாது.

(ஆ) தாழ்குளுக்கோசு நிலை: இன்சுலினையோ கிளிபென்கிளமைட் போன்ற குளிசையையோ எடுத்துவிட்டு உண்ணாமல் வயல் வேலை செய்தால் குருதிக் குளுக்கோசு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் இதன் அறிகுறிகள். உடனே மூன்று தேக்கரண்டி சீனியை நீரிற் கரைத்துக் கொடுத்தல் வேண்டும். நினைவிழந்தவருக்கு வாயால் எதுவும் கொடுக்கலாகாது. 1990 அம்புலன்ஸ் சேவையை அழைக்க வேண்டும். கோயில் விரதம் இருப்போர் முன்னதாகவே ஆலோசனை பெறுதல் நன்று.

(இ) இன்சுலினைப் பாதுகாத்தல்: திறக்காத இன்சுலினை 2–8 பாகை செல்சியசில் வைக்க வேண்டும். உறையவிடக் கூடாது. 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிற் கூடாரங்களில் வாழ்ந்த மக்களைப் போல, குளிர்சாதனப் பெட்டி இல்லாதோர் என்ன செய்வது? நீர் புகாத உறையிலிட்டு, ஈரமான மண்பானையினுள் நிழலில் வைக்கலாம். பானையின் நுண்துளைகளூடாக நீர் ஆவியாகும்போது மறைவெப்பத்தை உறிஞ்சுவதால் உட்புறம் குளிரும். ஆயினும் 2–8 பாகையை எட்டாது. ஆகவே அவ்வாறு எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதை மருந்தாளரிடம் கேட்டறிய வேண்டும்.

(ஈ) நிறுத்தாமை: சுகமாக உள்ளது என எண்ணியோ, பாகற்காய்ச் சாற்றை நம்பியோ மருந்தை நிறுத்தலாகாது. உயர் குளுக்கோசு வலியின்றியே கண், சிறுநீரகம், பாத நரம்புகளைப் பாதிக்கும்.

3. மாணவர் செய்யக்கூடியவை

வீட்டிலுள்ள முதியோருக்கு மருந்து உறையை வாசித்துக் காட்டுக. கிளினிக் கொப்பியையும் மீதிக் குளிசைகளையும் கொண்டுசெல்ல நினைவூட்டுக. விளங்காதவற்றை மருந்தாளரிடம் தயங்காது கேட்கச் சொல்லுக.

நினைவிற் கொள்க: சரியான மருந்தும் தவறான நேரத்தில், தவறான அளவில் எடுக்கப்பட்டால் தீங்கு பயக்கும்.

பயிற்சி வினாக்கள்
1. தாழ்குளுக்கோசு நிலையின் அறிகுறிகள் மூன்று தருக.
2. மண்பானையினுள் வெப்பநிலை குறைவது ஏன் என விளக்குக.
3. காலையில் இன்சுலின் ஏற்றிய பாட்டி உணவு வேண்டாம் என்கிறார். நீர் செய்ய வேண்டியது யாது? காரணம் தருக.