ராஜாக்கள் நேருக்கு நேர்

சதுரங்கத்தில் காய்கள் குறையக் குறைய ஆட்டம் எளிதாகும் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். தாம்பரத்தை அடுத்த ஒரு பள்ளியில் நடந்த சிறுவர் போட்டியில் நம் தோழி ஒருத்தியும் அப்படித்தான் எண்ணினாள். அவளிடம் ஒரு சிப்பாய் கூடுதல். எதிரே, நாற்காலியில் அமர்ந்தால் கால் தரைக்கு எட்டாத குரோம்பேட்டைச் சிறுமி. யானைக்கு யானை மாற்றிவிட்டால் சிப்பாய் ராணியாகிவிடும் என்று மாற்றினாள்.

பலகையில் எஞ்சியவை மூன்றே காய்கள். அவளுடைய வெள்ளை ராஜா ஈ4-இல், சிப்பாய் ஈ3-இல். கறுப்பு ராஜா ஈ6-இல். ஆட வேண்டியவள் அவள். வீட்டில் பலகை இருந்தால் வைத்துப் பாருங்கள். ராஜாக்கள் ஒரு கட்டம் இடைவிட்டு எதிரெதிரே நிற்கின்றன. வெள்ளை டி4-க்குப் போனால் கறுப்பு டி6-க்கு வந்து மறிக்கும். எஃப்4-க்குப் போனால் எஃப்6-க்கு வரும். ஆட்டம் சமன்தான். அதே நிலையில் கறுப்பு ஆட வேண்டியிருந்தால், அது விலகவோ பின்வாங்கவோ நேரும். வெள்ளை ராஜா உள்ளே புகுந்து சிப்பாய்க்கு வழி திறக்கும். காய்கள் அவையே, கட்டங்கள் அவையே. முறை மட்டும் வேறு!

அரைப் புள்ளி போயிற்று. அதனுடன் கோப்பையும் போயிற்று. தொட்ட காயை நகர்த்தியே தீரவேண்டும் என்ற விதி இருக்க, யானையைத் தொட்ட பின் யோசித்து என்ன பயன்?

பெரியவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகப் பட்டத்துக்கான 14-ஆவது, கடைசி ஆட்டம். இருவருக்கும் ஆறரைப் புள்ளிகள். சீனாவின் டிங் லிரென் வெள்ளை. நம் சென்னையின் 18 வயது குகேஷ் கறுப்பு. குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். ஆயினும் யானையும் மந்திரியும் இருந்தவரை டிங் சமன் செய்திருக்கலாம். 55-ஆவது நகர்வில் அவர் யானையை எஃப்2-இல் வைத்து மாற்றத்துக்கு அழைத்தார். தம் மந்திரி ஏ8 மூலையில் நிற்பதைக் கவனிக்கவில்லை. யானைகள் வெளியேறியதும் குகேஷ் தம் மந்திரியை டி5-இல் வைத்தார். மூலையிலிருந்து வெளிவர இருந்த ஒரே சாய்வழி அதுதான். மந்திரிகளும் போயின, மீந்தவை ராஜாக்களும் சிப்பாய்களும். 58-ஆவது நகர்வோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். குகேஷ் உலகச் சாம்பியனானார்.

மதிய இடைவேளையில் இந்த ஆட்டத்தை நம் தோழி பலகையில் வைத்துக் காட்டினாள். டிங்கின் யானையை எஃப்2-இல் வைத்தபோது, "இவரும் நானும் ஒரே வகுப்பு" என்றாள்.