எஞ்சியவற்றில் ஒரு பானைக் கூழ்



ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் பெருந்திரளான மக்களுக்குப் பகிர்ந்தளித்த பின்னர், எஞ்சிய துண்டுகளைச் சேர்த்து வைக்கும்படி இயேசு சீடரைப் பணித்தார் என்று யோவான் நற்செய்தியின் 6ஆம் அதிகாரம் கூறுகிறது. அவை 12 கூடைகளை நிரப்பின. அற்புதம் செய்தவரே மிச்சத்தை வீசி எறியவில்லை.

அனலைதீவு முதலான எங்கள் தீவுகளில் இது புதிய பாடமல்ல. நல்ல மீன் சந்தைக்குப் போய்விடும். தலை, முள்ளு, சின்ன நண்டு, நாலைந்து இறால் என்பன வீட்டுக்கு மிஞ்சும். தனியே ஒருவருக்கும் போதாத இவை ஒடியல் மாவுடன் ஒரு பானையில் சேரும்போது குடும்பம் முழுவதற்கும் உணவாகின்றன.

1990ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் தீவகத்திலிருந்தும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்தும் புறப்பட்ட மக்களால் காணியையும் கிணற்றையும் கொண்டுசெல்ல முடியவில்லை. கைப்பழக்கத்தைக் கொண்டுசெல்ல முடிந்தது. பங்கீட்டு அரிசியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அதையும் சொல்லிக் கொடுக்காவிட்டால் இழப்பு இரட்டிப்பாகும்.

1. மாவை அறிவோம்

பனங்கொட்டையைப் பாத்தியில் புதைத்துச் சில மாதங்களில் கிழங்கு எடுக்கிறோம். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அவிக்காமல் பிளந்து காயவைத்தால் ஒடியல். ஒடியலில் மாச்சத்து மிகுதி, புரதம் குறைவு. அந்தக் குறையை மீனும் பலாக்கொட்டையும் பயிற்றங்காயும் நிரப்புகின்றன. முருங்கையிலை உயிர்ச்சத்து ஏ தருகிறது.

ஒடியல் மாவின் கசப்பு வெறும் சுவைக்கேடு அல்ல. உடலுக்கு ஒவ்வாத பொருளும் அதில் உண்டு. ஆகவே மாவை நிறையத் தண்ணீரில் ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு, தெளிந்த நீரை ஊற்றிவிட வேண்டும். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்வது நல்லது. அவசரத்தில் இதை விட்டுவிடாதீர்கள்.

2. செய்முறை (6 பேருக்கு)

ஒடியல் மா 1 சுண்டு, தண்ணீர் 12 சுண்டு, அரிசி ஒரு கைபிடி, பலாக்கொட்டை, பயிற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, மீன் தலை, நண்டு, இறால், முருங்கையிலை, செத்தல் மிளகாய், மஞ்சள், பழப்புளி, உப்பு. எல்லாம் இருக்க வேண்டுமென்பதில்லை, கிடைத்ததைப் போடுங்கள்.

அரிசி, பலாக்கொட்டை, தோல் நீக்கிய மரவள்ளி ஆகியவற்றை மூடாத பானையில் அவியுங்கள். அரைவாசி அவிந்ததும் பயிற்றங்காயையும், கழுவிய மீன் தலை, நண்டு, இறாலையும் இடுங்கள். எல்லாம் வெந்தபின், அரைத்த மிளகாய், மஞ்சள், புளிக்கரைசல், உப்பு என்பவற்றை ஊறிய மாவுடன் கரைத்து ஊற்றுங்கள். அடிப்பிடிக்காமல் அகப்பையால் துழாவி, கூழ் தடித்து நன்கு கொதிக்க விடுங்கள். இறுதியில் முருங்கையிலை. சிறுவருக்கு முள் அகற்றி, உறைப்புக் குறைத்துக் கொடுங்கள். பனையோலைப் பிளாவில் வார்த்தால் கோப்பையும் தேவையில்லை.

காலையில் சமைத்து மிஞ்சிய மீனையோ இறைச்சியையோ சேர்ப்பதானால், அது கெடவில்லை என்பதை உறுதிசெய்து, கூழுடன் திரும்பவும் கொதிக்க விடுங்கள்.

3. கவனிக்க

பழுதான மீனில் உண்டாகும் நஞ்சு கொதித்தாலும் அழியாது. மணம் மாறியதைப் பானையில் போடாதீர்கள். பேத்தை மீனை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. வெக்கைக் காலத்தில் சமைத்த உணவை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள். சிக்கனம் என்பது கெட்டதை உண்பதல்ல, கெடுமுன் பயன்படுத்துவது.

கூழ் தனியே குடிக்கும் உணவல்ல. ஒரு வீட்டில் மீன் தலை, அடுத்த வீட்டில் மா, மூன்றாம் வீட்டில் முருங்கை. மூன்று வீட்டு வறுமையும் ஒரு பானையில் சேர்ந்தால் மூன்று வீடும் பசியாறும்.

4. கலந்துரையாட

அ) கடந்த வாரம் எங்கள் குசினியில் எவை வீணாகின?

ஆ) ஒடியல் மா பதப்படுத்தத் தெரிந்த மூத்தவர்கள் எம்மிடையே யார்? இளையோர் அவர்களிடம் கற்க என்ன ஒழுங்கு செய்யலாம்?

இ) மாதம் ஒரு நாள், அயலவர் சேர்ந்து ஒரு பானைக் கூழ் காய்ச்ச முடியுமா?